பி பிளாக் லிஃப்டின் மணி

மே 14, செவ்வாய்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். தயாபரன் செயலாளராக வந்த நாளிலிருந்து இந்த அடுக்ககத்தில் நடக்கும் கோமாளித்தனம் எதற்கும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனி தேதி போட்டு எழுதி வைக்கப் போகிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

நேற்று மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதில் பி பிளாக் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே லீலாவதி டீச்சர். நான்காம் மாடியில் தனியாக இருப்பவர், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். குப்பைப் பையைக் கீழே போடக் கிளம்பியதால் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். லிஃப்டுக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் வாசலில் காவல் அறைச் செல்போன் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. மே மாதத்து மத்தியானம், எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தி ஏசி. அவர் தட்டியது யார் காதிலும் விழவில்லை. இடையில் இரண்டு பேர் வெளியே பொத்தானை அமுக்கிவிட்டு, ரிப்பேர் போலிருக்கிறது என்று படியேறிப் போயிருக்கிறார்கள். இதுதான் எங்கள் அடுக்ககம். சாயங்காலம் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் கதவின் கண்ணாடி வழியே அண்ணாந்து பார்த்ததில் டீச்சரின் கால் தெரிந்திருக்கிறது. நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

இரவு சாப்பாட்டுக்கு முன்பே வாட்ஸாப் குழுவில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வாட்ச்மேன் தூங்கிவிட்டான்.

வாட்ச்மேன் என்றால் கிட்டுசாமி. பம்பு அறைக்கு ஒட்டிய ஓர் அறையில் மனைவி பழனாத்தாளோடு குடியிருக்கிறார். அந்த அம்மாளுக்கு முழங்கால் மடங்காது. வேலை போனால் அறையும் போகும். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் முடிவு.

அவர் தூங்கவில்லை. என்ன நடந்திருக்கும் என்பது இந்த வளாகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருபது வருடத்துக்கு மேல் இன்ஜினியராக இருந்தவன். எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவனை எனக்கு மேல் உட்கார வைத்த பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தேன். இங்கே ஆறு வருடம் செயலாளர். என் காலத்தில் வீட்டுக்கு ஒரு ஒயர் இன்டர்காம் இருந்தது. எடுத்தால் பேசும், அமுக்கினால் அடிக்கும். தயாபரன் வந்து அதைப் பிடுங்கி எறிந்தார். இப்போது காவல் அறையில் ஒரு சின்னப் பெட்டி, அதுதான் எக்ஸ்சேஞ்ச். எல்லோர் செல்போனிலும் ஒரு ஆப். பொங்கல் விழாவில் செய்து காட்டினார். எல்லோரும் ஆப்பைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அடித்தது. கை தட்டினார்கள். திறந்து வைத்த போன் அடிக்காமல் என்ன செய்யும்.

ஆனால் திரை அணைந்தால், அல்லது ஆப்பை மூடினால், அது தூங்கிவிடும். தூங்கும் ஆப்புக்கு அழைப்பு வந்தது தெரியாது. அதற்காகப் பெட்டி முதலில் இன்டர்நெட் வழியாக வெளியே ஒரு தகவல் அனுப்ப வேண்டும். அது எங்கேயோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து போனைத் தட்டி எழுப்ப வேண்டும். எழுந்த பிறகுதான் மணி. புஷ் நோட்டிபிகேஷன் என்பது இதுதான். இங்கே அந்தத் தட்டல் ஒருநாளும் வந்ததில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் செல் நம்பரிலேயே கூப்பிட்டுக்கொள்வதால் யாரும் கவனிக்கவில்லை.

சேஃப்டி பின் வாங்க வேண்டும் என்று கோகிலா சொன்னாள். மறந்துவிட்டேன்.

மே 15, புதன்

டீச்சர் இன்னும் கண் விழிக்கவில்லை. கோகிலா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, கை கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கத்திரிக்காய் அத்தனையும் சொத்தை.

மே 16, வியாழன்

பால் வாங்கப் போகும்போது கிட்டுசாமி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"சார், ஒரு நிமிசமுங்க. டீச்சரம்மா எப்படி இருக்காங்களாமுங்க?"

"இன்னும் முழிக்கலை."

"நான் தூங்கலீங்க சார். தண்ணி லாரிக்காரன் வந்தான், கேட்டைத் தொறந்து உட்டேன், அவங்கூடப் பேசீட்டிருந்தேன். போனு மேசை மேலதான் கெடந்துச்சு. அடிக்கவே இல்லீங்க."

"தெரியும் கிட்டுசாமி."

"உங்களுக்குத் தெரியுமுங்க. மாசி மாசம் நீங்க லிஃப்டுல நின்னு அமுக்கிப் பாத்தீங்களே, அன்னைக்கும் இப்படித்தானுங்க. போனு கம்முன்னு கெடந்துச்சு. நான்கூட சொன்னனே, ஏனுங்க சார் ஊமையாட்டம் கெடக்குதுன்னு."

மாசியில் ஒருநாள் அமுக்கிப் பார்த்தது உண்மைதான். அது என் வேலை இல்லை, ஒரு ஆர்வம். காவலர்கள் ஷிப்ட் மாறும்போது போனில் திறந்திருக்கும் எல்லாவற்றையும் விரலால் தள்ளி மூடிவிட்டு, வெறும் திரையை அடுத்தவரிடம் காட்டித்தான் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து வீடியோ பார்க்கக் கூடாது என்பதற்காக என் காலத்தில் போட்ட விதி. நல்ல விதி. தயாபரன் அதை அப்படியே விட்டிருந்தார். மத்தியானம் ஷிப்ட் மாறியதும் அந்த ஆப் மூடித்தான் இருக்கும், தட்டி எழுப்ப ஆளில்லாவிட்டால் எழாது என்பது ஒரு இன்ஜினியருக்குத் தோன்றாதா. தோன்றியது, சோதித்தேன், என் கணிப்பு சரியாக இருந்தது.

தயாபரனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம் என்று அன்றைக்குக் கிட்டுசாமியிடம் சொன்னேன். ஆண்டுக் கூட்டம் ஜூனில். எல்லோர் முன்னாலும் ஆதாரத்தோடு வைப்பதாக இருந்தேன். எதையும் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும். மாசியிலேயே சொல்லியிருந்தால் ஒரு நன்றிகூட இல்லாமல் சரி செய்துகொண்டு போயிருப்பார்.

"ஞாயித்துக்கெழமை நீங்க சொல்லீருவீங்கல்லங்க சார்?"

"பாக்கலாம்."

"நீங்க சொன்னாத்தான் எடுபடுமுங்க. நானா உங்க பேரை எடுக்க மாட்டேன். வேண்டாமுன்னு சொன்னீங்க, இத்தனை நாளா யார்கிட்டயும் மூச்சு உடலை."

பால்காரன் காத்திருந்ததால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

மே 17, வெள்ளி

டீச்சர் விழித்துவிட்டார். நல்ல செய்தி. கூடவே ஒரு கெட்ட செய்தி. லிஃப்டில் பொத்தானை அமுக்கியபோது எதிர்முனையில் மணி போனது காதில் கேட்டதாம். "டிர்ரிங் டிர்ரிங்னு போயிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கலை" என்று சொல்லியிருக்கிறார். அவர் மகன் சிவப்பிரகாஷ் பெங்களூரிலிருந்து வந்து இறங்கி, அதை அப்படியே குழுவில் போட்டான். கீழே இருபது கைகூப்பும் படங்கள், நாலு கோப முகங்கள். "ரிங் போயிருக்குன்னா அப்புறம் என்ன விசாரணை?" என்று ஏ பிளாக் ஆடிட்டர் கேட்டிருக்கிறார்.

அழைப்பவர் காதில் கேட்கும் மணி வேறு, எதிர்முனையில் அடிக்கும் மணி வேறு. நமக்குக் கேட்பது எக்ஸ்சேஞ்ச் போடும் சத்தம். பொறு, தேடிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அது ஒரு ஆறுதல், அவ்வளவுதான். அந்தப் பக்கம் போன் செத்துக் கிடந்தாலும் இந்தப் பக்கம் மணி போய்க்கொண்டே இருக்கலாம். என் வேலையில் முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது இது. இந்த வளாகத்தில் எத்தனை இன்ஜினியர்கள், ஒருவனுக்கும் தெரியவில்லை.

குழுவில் போடலாம் என்று நாலு வரி தட்டினேன். பிறகு அழித்துவிட்டேன். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று அடுத்த நிமிடமே யாராவது கேட்பார்கள். போன வருடக் கூட்டத்தில் தயாபரன் மைக்கில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சார் டயல் சுத்தற காலத்து ஆளுங்க. அவருக்கு இதெல்லாம் வேகமாத் தெரியும்." கூடம் முழுக்கச் சிரித்தது. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும். அதன் பிறகுதான் செயலாளர் தேர்தலுக்கு ஓட்டெடுப்பு.

கேஸ் சிலிண்டர் வந்தது. வால்வில் கசிவு. மாற்றித் தரச் சொன்னேன்.

மே 18, சனி

தயாபரன் வீட்டுக்கே வந்தார். காலையில் நான் மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தேன், ஸ்டூல் மேல் நின்றபடியே பேசினேன்.

"உள்ள வரலாமுங்களா சார்?"

"வந்துட்டீங்களே."

"காவல் ரூம் ரூட்டர் பாஸ்வேர்டுக்காகத்தான் சார் வந்தேன்."

"எழுத்துல கேக்கச் சொன்னேனே."

"பிப்ரவரியில ஒருக்கா, ஏப்ரல்ல ஒருக்கா மெசேஜ் போட்டேனுங்களே."

"மெசேஜ் எழுத்து ஆகாது. சங்கத்து லெட்டர்ஹெட்ல, தலைவர் கையெழுத்தோட வரணும்."

பொறுப்பை ஒப்படைத்தபோது சாவிக்கொத்து, முத்திரை, ரசீதுக் கட்டு எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். பாஸ்வேர்டைப் பற்றி யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்காததைக் கொடுப்பது என் பழக்கமில்லை. காவலர்கள் வீடியோ பார்க்காமலிருக்க அந்த ரூட்டரில் ஒன்றிரண்டு வழிகளை மட்டும் விட்டு, வெளியே போகும் மற்ற எல்லா வழிகளையும் அடைத்து வைத்திருந்தேன். அதுவும் என் காலத்து ஏற்பாடு. மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் இருக்கிற கேமரா அத்தனையும் நின்றுவிடும் என்று பயந்து அவர்கள் தொடவில்லை.

தயாபரன் உட்காராமலே சொன்னார்.

"நான் தோத்துட்டேன்னே வச்சுக்குங்க சார். இன்ஸ்டால் பண்ணின பையனை நேத்து மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். பெட்டி அனுப்பற தகவல் ரூட்டரைத் தாண்டிப் போகவே இல்லைங்கறான். ஆப் தொறந்திருந்தா உள்ளுக்குள்ளயே வைஃபைல போய் அடிச்சிருதாம். மூடியிருந்தா வெளிய போய்த்தான் திரும்பி வரணுமாம், அந்த வழி அடைச்சிருக்குதாம். அப்படின்னா கிட்டுசாமியண்ணன் மேல தப்பே இல்லீங்க. நாளைக்குக் கூட்டத்துல எல்லாருக்கும் காட்டிரலாம்."

"காட்டி?"

"தப்பு சிஸ்டத்துலன்னு சொல்லிருவேன். சரியா டெஸ்ட் பண்ணாம நான்தான் அவசரப்பட்டுட்டேன்னு சொல்லிக்கறேன்."

"வழியை அடைச்சது யாருன்னும் சொல்வீங்க."



"கேட்டாங்கன்னா சொல்லணுமில்லீங்களா சார்."

"லெட்டர்ஹெட்ல கொண்டு வாங்க."

கோகிலா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே கொடுத்து, "வர்றேனுங்க அக்கா" என்று போனார். ஆள் தந்திரக்காரர். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வதாகச் சொல்லி, கூட்டம் முடிவதற்குள் அதை என் மடியில் இறக்கியிருப்பார்.

"அந்தத் தம்பி கிட்டுசாமிக்காகத்தானே வந்துச்சு?" என்றாள் கோகிலா.

"உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதுதானுங்க. நீங்க மொதல்ல ஸ்டூலை விட்டு எறங்குங்க."

ஆனால் நானும் மனுஷன்தான். இன்னொருவர் லிஃப்டில் மாட்டினால்? அதை நினைத்து மத்தியானம் தூக்கம் வரவில்லை. வீட்டிலிருந்தே அந்த ரூட்டருக்குள் போக எனக்கு வழி உண்டு. போனேன். ஒரே ஒரு வரி, வெளியே போகும் பாதையைத் திறந்தேன். பிறகு லிஃப்டில் ஏறி, பொத்தானை அமுக்கினேன். இரண்டு தடவைதான் மணி போயிருக்கும். "ஹலோ, செக்யூரிட்டிங்க" என்று மற்ற ஷிப்ட்காரன் குரல். ஒன்றும் பேசாமல் வெளியே வந்தேன். இனி யார் மாட்டினாலும் காவல் அறையில் கேட்கும். இதைச் செய்தது நான் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. நன்றி கிடைக்காத வேலை எனக்குப் புதிதும் இல்லை.

மே 19, ஞாயிறு

கூட்டத்துக்கு வழக்கத்துக்கு மேல் ஆட்கள். நாற்காலி போதாமல் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்டூல்களையும் போட்டார்கள். கிட்டுசாமி சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பழனாத்தாள் வெளியே படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்ததை வரும்போது பார்த்தேன்.

சிவப்பிரகாஷ் முதலில் பேசினான். சத்தம் போடவில்லை. "எங்கம்மா பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் வீங்கியிருக்கு. நான் போலீஸ் கம்ப்ளெயின்ட் குடுக்கணும்னுதான் வந்தேன்" என்றான்.

தயாபரன் எழுந்தார். லெட்டர்ஹெட் கொண்டுவந்து என்னிடம் தரவில்லை, அதை இங்கே குறித்துக்கொள்கிறேன்.

"நான் நேத்துவரைக்கும் வேற நெனச்சிட்டிருந்தேன். சிஸ்டத்துல கோளாறு, ஆப் மூடியிருந்தா மணி அடிக்காதுன்னு இன்ஸ்டாலர் சொன்னார். அதை உங்க எல்லாருக்கும் காட்டலாம்னு இன்னைக்குக் காலைல நானே டெஸ்ட் பண்ணினேன்."

காவல் அறைப் போனை வாங்கி, எல்லாவற்றையும் தள்ளி மூடி, திரையை அணைத்து மேசை மேல் வைத்தார். ஆடிட்டர் பையனை லிஃப்டுக்கு அனுப்பினார். யாரோ இருமினார்கள்.

போன் வெளிச்சம் வந்து அடித்தது. நல்ல சத்தம். மேசையில் அதிர்ந்து நகர்ந்தது.

கிட்டுசாமி அதையே பார்த்தார். எதிரே பாம்பைக் கண்டவர் மாதிரி ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

"மூணு தடவை பண்ணிப் பாத்தேன், மூணு தடவையும் அடிச்சுது" என்றார் தயாபரன். குரலில் வெற்றி ஒன்றும் இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். "உங்க மேல தப்பில்லைன்னு சொல்றதுக்குத்தாண்ணா நான் வந்தேன். இப்ப என்ன சொல்றது?"

"அன்னைக்கு அடிக்கலீங்க."

"அன்னைக்கு மட்டும் போனு லீவு போட்டுருச்சாக்கும்" என்றது பின்வரிசை. சிரிப்பு.

"நம்மாளு கனவுல அடிச்சிருக்கும்" என்றது இன்னொரு குரல்.

தயாபரன் கையமர்த்தினார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது அடிக்காம இருந்திருக்குதுங்களா அண்ணா? யாராவது பாத்திருக்காங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. ஒருத்தர் பாத்திருந்தாக்கூடப் போதும்."

கிட்டுசாமி மூன்றாம் வரிசையைப் பார்த்தார். கண்ணாடியில் தூசி இருந்தது. கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் பதில் சொல்லி முடித்திருந்தார்.

"தெரியலீங்க."

பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. தூங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போலீஸ் இல்லை. வேறு இடத்தில் காவல் வேலைக்குப் போகச் சங்கம் ஒரு நடத்தைச் சான்றும் தரும். கொடுக்காவிட்டால் சிவப்பிரகாஷ் அவன் வழியில் போவான். புதன்கிழமைக்குள் கடிதம், அடுத்த நாள் அறையைக் காலி செய்ய வேண்டும். அதுவரை காவல் வேலைக்கு வர வேண்டாம். கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை. எதிர்ப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோதும் தூக்கவில்லை.

எழுந்து சொல்லியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். எதைச் சொல்வது? எல்லோர் கண்ணெதிரிலும் போன் அடித்துவிட்டது. அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் பொய் மாதிரிதான் கேட்டிருக்கும். நேற்று வழியைத் திறந்தது மனிதாபிமானத்தில். அதை இப்படிக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்.

மே 20, திங்கள்

முடி வெட்டிக்கொண்டேன். வாசலில் புது ஆள். என்னை யாரென்று கேட்டான்.

மே 21, செவ்வாய்

கிட்டுசாமி சாயங்காலம் வந்தார். கைலியும் துண்டுமாக அவரை நான் பார்த்ததில்லை. கையில் கோடு போடாத ஒரு தாள்.

"இதை எழுதிக் குடுக்கோணுமுங்க சார். எனக்குக் கோர்வையா வராது. உங்க எழுத்துல இருந்தா மருவாதியா இருக்கும்."

மறுக்க முடியுமா. மேசையில் உட்கார்ந்தேன். அவர் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "இருக்கட்டுங்க" என்றார். கோகிலா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னன்னு எழுதறது?"

"தூங்கீட்டேன்னுதானுங்க எழுதோணும். அப்பத்தான் சர்ட்டிபிகேட்டுத் தருவாங்களாமா."

"'பணியின்போது அசதியில் சற்றே கண்ணயர்ந்துவிட்டேன்'னு போடலாம். குற்றம் கொஞ்சம் குறைவாத் தெரியும்."

"நீங்க படிச்சவங்க. நீங்க போட்டாச் செரியாத்தான் இருக்கும்."

எழுதினேன். டீச்சருக்கு நேர்ந்த துன்பத்துக்கு மனமார வருந்துவதாக ஒரு வரி, இத்தனை காலம் ஆதரித்த குடியிருப்போருக்கு நன்றி என்று ஒரு வரி. நல்ல கடிதம், என்னாலேயே குறை சொல்ல முடியவில்லை. படித்துக் காட்டினேன். டீச்சர் பெயர் வந்த இடத்தில் மட்டும் தலையாட்டினார்.

"ஏனுங்க சார்" என்றார் பேனாவை வாங்கிக்கொண்டு. "மாசி மாசம் நீங்க அமுக்கினப்பவே அடிக்காத போனு ஞாயித்துக்கெழமை மட்டும் எப்படிங்க அடிச்சுது?"

"மெஷின் சமாச்சாரம் கிட்டுசாமி. சில நேரம் அடிக்கும், சில நேரம் அடிக்காது."

"அப்படிங்களா."

குனிந்து, தாளைக் கையால் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். பழ. கிட்டுசாமி. பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எங்க போறீங்க?" கோகிலா கேட்டாள்.

"அன்னூருக்கு அக்கட்டால, அவ தம்பியூட்டுக்குங்க. அவனுதே ஒத்த ரூமு ஓட்டு வீடு. பாக்கலாமுங்க." பிறகு என்னிடம், "நீங்க வெசனப்படாதீங்க சார். யாரு கேட்டாலும் நான் ஒண்ணும் சொல்லலை" என்றார்.

நான் ஏன் வெசனப்பட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

இரவு கோகிலா சாப்பாடு போட்டுவிட்டு என்னோடு உட்காரவில்லை. ரசத்தில் உப்பில்லை. சொல்லவில்லை.

மே 22, புதன்

காலையில் முடிவு செய்தேன். இதற்கு மேலும் பேசாமல் இருப்பது தகாது. சங்கத் தலைவருக்கும் சிவப்பிரகாஷுக்கும் ஒரு கடிதம்.

முதலில் கையால்தான் எழுதினேன். ஒரு பக்கம் முடிந்தபோதுதான் உறைத்தது, மன்னிப்புக் கடிதமும் இதே எழுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். கிழித்துவிட்டு டைப் செய்தேன். பென்டிரைவில் எடுத்துப் போய், நம் பகுதியில் வேண்டாம் என்று, இரண்டு பஸ் மாறி ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி எடுத்தேன். திரும்பும்போது சேஃப்டி பின்னும் வாங்கினேன்.

கடிதத்தில் எல்லாம் இருக்கிறது. பதின்மூன்றாம் தேதி காவல் அறைப் போன் அடிக்கவில்லை, அடிக்கவும் முடியாது. அழைப்பவர் காதில் கேட்கும் மணி எக்ஸ்சேஞ்ச் போடும் சத்தம், அதை வைத்துக் காவலர் தூங்கினார் என்று சொல்ல முடியாது. புஷ் தகவல் வெளியே போகும் வழி அன்று அடைபட்டிருந்தது. பதினெட்டாம் தேதிதான் திறக்கப்பட்டது, அதனால் பத்தொன்பதாம் தேதி காட்டிய சோதனை செல்லாது. செயலாளர் தயாபரன் ஆப்பைத் திறந்து வைத்து மட்டுமே சோதித்தது பொறுப்பற்ற செயல். கிட்டுசாமியை மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும். ஒரு பக்கத்தில் இவ்வளவு தெளிவாக வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

கோகிலா கேட்காமலே எடுத்துப் படித்தாள். இரண்டு முறை.

"எல்லாம் செரியாத்தான் எழுதியிருக்கீங்க. வழி அடைச்சிருந்துச்சுன்னு இருக்குது. யாரு அடைச்சாங்கன்னு இல்லையே."

"அது தேவையில்லை."

"சனிக்கெழமை யாரு தொறந்தாங்கன்னும் இல்ல."

"திறந்தாச்சுங்கறதுதான் விஷயம்."

"மாசி மாசமே ஒருத்தருக்குத் தெரியும்ங்கறதும் இல்ல." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "பேரு எங்கீங்க?"

"போடலை."

"மொட்டைக் கடுதாசியா?"

"உண்மைக்குப் பேர் எதுக்கு?"

"அந்த மனுஷன் இன்னைக்குக் காலைல தூங்கீட்டேன்னு பேரு போட்டுக் குடுத்துட்டு வந்துட்டாரு. பழனாத்தா பாத்திரமெல்லாம் சாக்குல கட்டி வச்சிருக்கா. இதைப் படிச்சா அவங்க என்ன சொல்லுவாங்க? இதை யாரு பாத்தாங்க, வந்து சொல்லச் சொல்லுன்னுதானே சொல்லுவாங்க? ஞாயித்துக்கெழமையே அந்தத் தம்பி கேட்டுச்சாமே, ஒருத்தர் பாத்திருந்தாப் போதும்னு."

"கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? கிட்டுசாமியை விட்டுட்டு என்னைப் பிடிச்சுக்குவாங்க. அந்தப் பையன் போலீஸ்ல என் பேரைக் குடுப்பான். தயாபரன் உட்கார்ந்து வேடிக்கை பாப்பான். இருபது வருஷ சர்வீசு, ஆறு வருஷச் செயலாளர், எல்லாம் ஒரு நாள்ல போகணுமா?"

அவள் தாளை மேசையில் வைத்தாள். மூலையைச் சரியாக மேசை விளிம்போடு பொருத்தி வைத்தாள்.

"அப்ப கிட்டுசாமிக்கு நாளைக்கு என்னங்க ஆகும்?" என்றாள்.

தாளை எடுத்து மூன்றாக மடித்தேன். படிப்பவர்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எழுதியவன் யார் என்று தேடுகிறவர்களுக்கு விஷயத்தில் அக்கறை இல்லை என்றுதான் அர்த்தம். துறையிலும் இப்படித்தான், நான் சொன்னது எது சரி என்று பார்க்கவில்லை, சொன்னது நான் என்பதைத்தான் பார்த்தார்கள். இந்த முறை அந்த வசதியை அவர்களுக்குக் கொடுக்கப் போவதில்லை.

டெம்போ நாளைக் காலை வருகிறதாம். புது வாட்ச்மேன் சொன்னான். அவர்கள் சாமான் ஏற்றும்போது வாசலைக் கடக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் விடிந்ததும் கிளம்பிவிடுவேன். டவுனில், ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அங்கே நாளெல்லாம் யார் யாரோ போடுவார்கள்.

இரண்டு உறைகளையும் ஒட்டிவிட்டேன். அனுப்புநர் இடம் காலியாக இருக்கிறது. அப்படியே போடுவதாக முடிவு.